தண்ணிக்குப் போட்ட ரோடு: ஒரு கரட்டுப் பாதையும் மூன்று மழைக்காலமும்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கரடு, சின்னப் பாறைக் குன்று. ஊர்ப்பெயரை எழுதவில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வண்டிகள் வரிசை கட்டி வந்து நிற்கும், அங்கே ஏறும் பாதையைச் செப்பனிட்ட மூன்று வருட வேலை ஒரே நாளில் போய்விடும். கீழே இட்டேரியாகத் தொடங்கும் பாதை இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு கொறங்காடுகளுக்கு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்களுக்கு) நடுவே ஏறி, மேலே ஒரு சின்னக் கோயிலுக்குப் பின்னால் மொட்டைப் பாறையில் போய் முடியும். மொத்தம் இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆடு மாடு ஏறும், டிராக்டர் ஏறும், பால் கேன் கட்டிய எக்ஸ்எல் மொபெட் ஏறும், அமாவாசைக்கு ஊர்ச் சனம் ஏறும். கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் நாங்கள்.

நாங்கள் என்றால் திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் ஜிப்சி, தார், பழைய மேஜர் என்று ஜீப் வகை வண்டிகள் வைத்திருப்பவர்கள். பனியன் கம்பெனி, லேத் பட்டறை, கோழிப்பண்ணை என்று வாரம் முழுக்க ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் போட்டு மண்ணில் ஏறுவதில் மனசு ஆறுகிறவர்கள். எங்களுக்கு என்று சங்கமோ பெயர்ப்பலகையோ கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் உண்டு.

இந்தப் பாதையை நாங்கள் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கொங்கு நாட்டைச் சுற்றி மலைக்குக் குறைவில்லை, ஆனால் அவற்றில் பெரும்பகுதி வனத்துறையின் காடு. சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமானது. தெற்கே ஆனைமலையும் புலிகள் காப்பகம்தான். மலை பெரிதாக இருந்தால்தான் சரணாலயம் என்றும் நினைக்க வேண்டாம். கரூர், திண்டுக்கல் எல்லையில் இருக்கும் கடவூர்க் காடு நம் கரடுகளைப் போலவே வறண்ட காடு. அதில் 11,806 ஹெக்டேர் 2022-ல் தேவாங்குக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. இங்கெல்லாம் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்குவது குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் நாங்கள் இறக்க மாட்டோம். மிச்சம் இருப்பவை பட்டா நிலமும், வருவாய்ப் பதிவேட்டில் 'வண்டிப்பாதை' என்று எழுதியிருக்கும் புறம்போக்குகளும். எங்கள் பாதை அந்த இரண்டாவது வகை. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் எழுதிய 'அ' பதிவேட்டையும் நில வரைபடமான புலப்படத்தையும் பார்த்து, வனத்துறையின் காப்புக்காட்டு எல்லை மேலே இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு ஊராட்சியில் மனு கொடுத்தோம். 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி ஊர்ப் பொதுப்பாதைகள் ஊராட்சியின் பொறுப்பு, அதனால் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அங்கே சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்கு ஒரு மாதம் போனது. வேறு ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு மாதத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மழைக்காலம்

பாதை அப்போது எப்படி இருந்தது என்றால், இரண்டு டயர் தடமும் முழங்கால் ஆழம், நடுவில் மாட்டு முதுகு மாதிரி ஒரு மேடு. ஜீப் ஏறினால் அடியில் டிஃபரன்ஷியல் உரசும். டிராக்டர்காரர்கள் அதை ஒதுக்கி வேலியோரமாகப் புதுத்தடம் போட்டிருந்தார்கள். அதுவும் குழிந்த பிறகு மூன்றாவது ஒன்று. சில இடத்தில் பாதை இருபத்தைந்து அடி அகலத்துக்குப் பரந்து கிடந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, இருபத்துமூன்று பேர் சேர்ந்தோம். அனுமதிச் சீட்டோடு விற்பவரிடம் கிராவல் மூன்று டிராக்டர் லோடு வாங்கி, தடத்தில் கொட்டி, மண்வெட்டியால் நிரவி, ஜீப்பையே மேலும் கீழும் ஓட்டி அமுக்கினோம். கிராவல் கனிமம், குளத்திலோ ஓடையிலோ இஷ்டத்துக்கு அள்ள முடியாது என்பது எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாயங்காலம் பாதை மெழுகிய வாசல் மாதிரி இருந்தது. எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த சந்தோஷம்.

ஐப்பசி இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி நல்ல மழை. மூன்று லோடும் போய்விட்டது. தடம் பழையதை விட ஒரு சாண் கூடுதல் ஆழம். போன கிராவல் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் மறுநாள் காலையில் போன் வந்தது. கரட்டுக்குக் கீழே காடு, அதாவது விவசாய நிலம், வைத்திருக்கும் ஒரு அக்கா. பாதைத் தண்ணீர் வேலியை உடைத்துக்கொண்டு அவர் காட்டில் புகுந்து, சோளப் பயிரின் மேல் மண்ணைப் போட்டு, மிச்சத்தைக் கிணற்றில் இறக்கியிருந்தது. நாங்கள் நாலு பேர் ஓடினோம். அவர் சத்தம் போடவில்லை. கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, "உங்க வண்டி ஓடறதுக்கு எங்க கெணத்துல மண்ணு உளுகோணுங்களா?" என்று மட்டும் கேட்டார். எட்டிப் பார்த்தோம். தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது. எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கிணற்றைத் தூர் வாரிக் கொடுத்தோம். கிரேன் வைத்து இரண்டு நாள். செலவை எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். ஆனால் கேள்வி அங்கேயே நின்றது. பாதை யாருடையது என்பதை ஒரு மாதம் அலைந்து தெரிந்துகொண்ட நாங்கள், பாதையின் மண் மழையில் எங்கே போய் விழும் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை.

இது எங்கள் கரட்டுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் பாதை இருக்கிறது, சுமார் 35 கிலோமீட்டர். ஜீப் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க அதன் பெயரைச் சொல்லுவார்கள். 2009-ல் அந்தப் பகுதியின் நீர்த்தர வாரியம், பாதையிலிருந்து அரித்து வரும் மண்ணும், சிந்தும் எண்ணெயும், மனிதக் கழிவும் ஓடைகளைக் கெடுக்கின்றன என்று சொல்லி, சீர்செய்யும்படி மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் உத்தரவு போட்டது. பாதை இன்றும் திறந்திருப்பதில் தன்னார்வலர்கள் வருடா வருடம் போய்ச் செய்யும் வடிகால் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அரசுப் பணமும் இருக்கிறது. 1971-லேயே அந்த மாநிலம் இதற்கென்று ஒரு சட்டம் போட்டு, வண்டிப் பதிவுக் கட்டணத்திலும் எரிபொருள் வரியிலும் ஒரு பங்கை இந்த மாதிரிப் பாதைகளுக்கு ஒதுக்கியது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. நம்மிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

மழையில் போய் நின்றது

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு மத்தியானம், மேற்கே கறுத்து வருவதைப் பார்த்துவிட்டு ஆறு பேர் வேண்டுமென்றே கரட்டுக்குப் போனோம். ஜீப்பைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு, குடையும் கோணிப்பையுமாக நடந்தோம். இந்த வேலையில் நான் கற்றதில் பாதி அந்த ஒன்றரை மணி நேரத்தில் கற்றதுதான்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. மண் குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையிலிருந்து விரல் தடிமனில் ஒரு கோடு இறங்கி இடது டயர் தடத்தில் நுழைந்தது. வெளியே போக அதற்கு வழியே இல்லை. இரண்டு பக்கமும் கரை கட்டின மாதிரி மேடு. இருபது அடி இறங்குவதற்குள் மணிக்கட்டு தடிமன், நூறு அடியில் வாய்க்கால். காலை வைத்துப் பார்த்தேன், கூழாங்கற்கள் கணுக்காலில் டக் டக் என்று வந்து மோதின. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அன்றைக்கு அதைக் கணுக்கால் சொன்னது.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குழுவில் ஒருவருக்கு மாமனார். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். நனைந்துகொண்டே தடத்தைக் காட்டி, "ஏனுங் மாப்பள, நீங்க வண்டிக்கு ரோடு போடல. தண்ணிக்குப் போட்டுக் குடுத்திருக்கீங்க" என்றார். குறை சொல்லும் தொனி அவரிடம் இல்லை. கையோடு கொண்டுவந்த மண்வெட்டியால் தடத்தின் கீழ்க்கரையில் ஓரிடத்தில் நாலு வெட்டு வெட்டினார். வாய்க்கால் அப்படியே திரும்பிப் பக்கத்துக் கொறங்காட்டுப் புல்லில் பரவியது. அதற்குக் கீழே தடம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. நாங்கள் கொட்டிய மூன்று லோடு செய்யாததை அந்த நாலு வெட்டு செய்தது.

அளவும் வேலையும்

அடுத்த கோடையில் முதலில் அளந்தோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல், ஒரு டேப், ஒரு நோட்டு. பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் இருந்தால் பத்து சதவீதச் சரிவு. எங்கள் பாதையில் பெரும்பகுதி எட்டிலிருந்து பன்னிரண்டு. நடுவில் 'செங்குத்து' என்று நாங்கள் சொல்லும் எழுபது மீட்டர் மட்டும் இருபத்துநாலு.

மலைப்பாதை அமைப்பவர்களிடம் ஒரு விதி உண்டு. பாதையின் சரிவு, அது போகும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதை வழியாகவே இறங்கும். செங்குத்தில் மலைப்பக்கமும் இருபத்துநாலு, பாதையும் இருபத்துநாலு. மாட்டு வண்டி கட்டின காலத்தில் நேராக ஏற்றிவிட்டார்கள். வளைத்து எடுக்கலாமே என்று தோன்றும், முடியாது. புலப்படத்தில் வண்டிப்பாதை எங்கே போகிறதோ அங்கேதான் பாதை. ஒரு அடி தள்ளினாலும் ஒருவர் பட்டா. யாரிடமும் நிலம் கேட்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். அந்த முடிவினால் வேலை இரண்டு மடங்கானது, ஆனால் ஒரு சண்டைகூட வரவில்லை.

சாதாரணச் சரிவில் செய்தது இதுதான். பாதையில் ஓரிடத்தில் மெதுவாகத் தாழ்த்தி, உடனே கீழே மெதுவாக ஒரு மேடு. தாழ்வு கீழ்ப்பக்கம் சாய்ந்து வெளியே திறந்திருக்கும், தண்ணீர் வந்து திரும்பிப் போய்விடும். பத்து சதவீதச் சரிவில் சுமார் இருபத்தைந்து மீட்டருக்கு ஒன்று, சரிவு கூடக்கூட இடைவெளி குறையும். தண்ணீர் வேகம் பிடிப்பதற்கு முன்னால் அதை வெளியேற்றிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. வெளியேறும் வாயில் கை அகலக் கற்களைப் பரப்பி, சுற்றிலும் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவினோம். வாய் எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தக் கொறங்காட்டுக்காரரிடம் முன்னாலேயே கேட்டோம். ஒருவர் வேண்டாம் என்றார், வாயை இன்னொரு இடத்துக்கு மாற்றினோம். மற்றவர்கள் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார்கள். மழை குறைந்த நாட்டில் மேய்ச்சல் நிலத்துக்குத் தெளிந்த தண்ணீர் வருவது யாருக்குக் கசக்கும்.

முதலில் போட்ட நாலு மேட்டில் தப்பு செய்தோம். ஸ்பீடு பிரேக்கர் மாதிரி குறுகலாகவும் உயரமாகவும் வைத்துவிட்டோம். ஜீப்புக்கு அது விளையாட்டு. பால்காரருக்கு அப்படி இல்லை. விடிகாலை ஐந்து மணி இருட்டில் எக்ஸ்எல்லின் முன்சக்கரம் மேட்டில் தூக்கி, ஒரு கேன் பால் கொட்டிப்போனது. டிராக்டர் தாழ்வில் இறங்கினால் டிரெய்லர் கொக்கி மேட்டில் இடித்தது. பாலுக்குப் பணம் கொடுத்துவிட்டு நாலையும் உடைத்தோம். தார் ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர், டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் அதற்குப் பல மடங்கு நீளம். இப்போது ஒவ்வொரு தாழ்வும் மேடும் சேர்ந்து பத்து மீட்டர் நீளம் இழுத்திருக்கிறது. நடந்து போகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. பாதையை நாம் வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறோம், அவர்கள் தினமும் ஓட்டுகிறார்கள். அளவு அவர்கள் வண்டிக்குத்தான்.

செங்குத்தில் மண் வேலை எடுபடாது. அங்கே கல் பாவினோம். கரட்டிலேயே உதிர்ந்து கிடந்த கற்களைப் பொறுக்கி, தட்டையாகப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நீளப்பக்கம் மண்ணுக்குள் போகும்படி பல் வரிசை மாதிரி நெருக்கி அடுக்கி, சந்துகளில் சின்னக் கல்லைச் சம்மட்டியால் அடித்து இறுக்கினோம். மாமா ஒவ்வொரு கல்லையும் காலால் மிதித்துப் பார்ப்பார். ஆடினால் எடுக்கச் சொல்லிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் நாலு மீட்டர், ஐந்து மீட்டர். கல்லைத் தூக்கும் முன் கடப்பாரையால் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு முறை அடியில் கட்டுவிரியன் இருந்தது, தேளுக்குக் கணக்கே இல்லை. எழுபது மீட்டரும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இருபத்துமூன்று பேர் ஒன்பதாகக் குறைந்ததும் இந்த எழுபது மீட்டரில்தான். வராமல் போனவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கல் தூக்குவது எல்லோருக்கும் ஆகிற வேலை இல்லை. அவர்களில் சிலர் கம்பி, சிமெண்ட் மூட்டை, சாப்பாடு என்று இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கவாட்டில் கிளம்பியிருந்த இரண்டாம், மூன்றாம் தடங்களை மூடியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் கல்லைக் குறுக்கே போட்டோம், உருட்டிவிட்டுப் போனார்கள். கயிறு கட்டினோம், அறுந்தது. கடைசியில் ஊர்க்காரர்கள் செய்வதையே செய்தோம். இலை உதிர்ந்து நிற்கும் கிளுவையிலிருந்து கை தடிமன் போத்துகளாக வெட்டி, நெருக்கமாக நட்டோம். தண்ணீர்கூட ஊற்றவில்லை. மழை கண்டதும் துளிர்த்தது. உயிர்வேலியை உடைத்துக்கொண்டு வண்டி ஓட்ட இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. பாதை இப்போது பத்தடி அகலத்துக்கு வந்துவிட்டது, மூடிய தடத்தில் புல் ஏறிவிட்டது.

ஓட்டும் முறை

பாதையைக் காப்பாற்றும் வேலையில் பாதி, ஓட்டுகிறவர் காலில் இருக்கிறது. சக்கரம் உருண்டால் பாதைக்குச் சேதம் குறைவு. நின்ற இடத்திலேயே சுற்றினால் இரண்டே நிமிஷத்தில் அது புதுத்தடம் தோண்டும், அடுத்த மழை அந்தத் தடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அடிவாரத்திலேயே டயர் காற்றை ரோட்டில் வைக்கும் முப்பதுக்கு மேலிருந்து இருபது பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிடுவோம். டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். ஃபோர் லோ என்ற மெதுவான கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பின்னால் இறங்கிவிட வேண்டும். மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச்சைக் கட்ட மரத்தைப் பிடித்தால் அகலப் பட்டைதான், இரும்புக் கயிறு கூடாது. வெள்வேல மரத்தில் கயிறு அறுத்த வடு இன்னும் ஒன்று இருக்கிறது. அது எங்கள் வேலைதான், முதல் வருடத்தில்.

ஈரத்தில் ஓட்டுவதே இல்லை. சேற்றில் ஏறுவதுதானே சுவை என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அந்தச் சுவைக்குப் பட்டா நிலத்தில் காசு வாங்கிக்கொண்டு குழி வெட்டி வைத்திருக்கும் இடங்கள் உண்டு, அங்கே போகலாம். இங்கே ஒரே சோதனைதான். தடத்தில் குதிகாலை ஊன்றித் திருக வேண்டும். குதிகால் பதிந்தால் பாதை மூடல்.

இரண்டாம் வருடம் சித்திரையில் ஆறாவது தாழ்வுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. ஒருவர் காலை வைக்கப்போன இடத்தில் நாலு முட்டை. கூடு என்று எதுவும் இல்லை, சும்மா கல்லுக்கு நடுவில் ஒரு குழிவு. முட்டையின் கறுப்புப் புள்ளிகளும் சுற்றியிருந்த கற்களும் ஒரே நிறம். கண்ணை ஒரு தரம் சிமிட்டினால் மறுபடியும் தேட வேண்டியிருந்தது. ஆள்காட்டி நாலு வாரம் அடைகாக்கும். இரண்டு பக்கமும் தேங்காய்நார்க் கயிறு கட்டி, ஒரு மாதம் வேலையை மேல் பகுதிக்கு மாற்றிக்கொண்டோம். டிராக்டர்காரர்களும் ஒதுங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு பங்குனியிலிருந்து ஆடி வரை ஒவ்வொரு வேலை நாளும் தொடங்குவதற்கு முன் ஒருவர் முன்னால் நடந்து பார்த்துக்கொண்டே போகிறார்.

மூன்றாவது மழைக்காலம்

போன ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல மழை. நாங்கள் போட்ட தாழ்வுகளில் இரண்டு தோற்றன. ஒன்றில் வெளியேறும் வாய் அடைத்துக்கொண்டது, சீமைக்கருவேல முள்ளும் ஒரு சிமெண்ட் சாக்கும் வந்து நின்றிருந்தன. இன்னொன்றில் மேடு போதாமல் தண்ணீர் தாண்டிவிட்டது. மற்றவை நின்றன. தடத்தின் ஆழம் பெரும்பாலான இடத்தில் நாலு விரலைத் தாண்டவில்லை. கல் பாவிய செங்குத்தின் கடைசி வரிசை மட்டும் அசைந்திருக்கிறது. கீழே தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய கல் வரிசையை ஆழமாகப் புதைத்திருக்க வேண்டும், நாங்கள் புதைக்கவில்லை. இந்தக் கோடையின் முதல் வேலை அதுதான்.

அக்காவின் கிணற்றை நானே போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிந்து, படிக்கட்டு ஏழு படி வரை கண்ணுக்குத் தெரிந்தது. காட்டில் புகும் தண்ணீர் முழுசாக நின்றுவிடவில்லை, வேலி ஓரமாக ஒரு கோடு இன்னும் வருகிறது என்று இடத்தைக் காட்டினார். அதற்கு மேலே இன்னொரு தாழ்வு போட்டால் சரியாகும் என்று மாமா சொல்லியிருக்கிறார். டியூப் லெவலோடு போய் அளந்து குச்சி நட்டுவிட்டு வந்தோம்.

ஈரத்தில் யாரும் ஏறாமல் இருக்கப் பாதைக்குக் குறுக்கே ஒரு சங்கிலி உண்டு. கரட்டடியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம்தான் இப்போது அதன் சாவி. ஊராட்சித் தலைவர் முன்னிலையில் கொடுத்தது. டிராக்டரும் பால் வண்டியும் எப்போதும் போல் போகலாம், சங்கிலி எங்களைப் போன்ற வண்டிகளுக்கு மட்டும். மழை விட்ட பிறகு அவர் தினமும் தடத்தில் குதிகாலை ஊன்றிப் பார்க்கிறார். காய்ந்ததும் போன் செய்து, "காஞ்சிருச்சுங் தம்பி, வாங்கோ" என்பார். இதை எழுதும் வாரத்தில் இன்னும் போன் வரவில்லை.